கூரைமேல் புகை

நெய்வேலி நகரியத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களுக்கு விவரம் எழுதுவது என் வேலை. இன்று உறையிலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீடு இருந்தது. பின்பக்கம், "ஆளில்லாத வீடு" என்று எழுதியிருந்தார்கள். கூரைமேல் புகை.

பச்சை விறகின் நெடி மூக்கில் ஏறியது. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது எனக்கு எட்டு வயது. கேமராவோடு வந்தவர் வாசலில் நின்ற அம்மாவிடம், "தள்ளிக்கங்கம்மா, வீடு மட்டும் போதும்" என்றார்.

"நான் தள்ளி நின்னா காலி வூடுன்னு எழுதிக்கினு போயிடுவீங்க."

கூட வந்தவர்கள் அவளை வேலியோரம் நகர்த்தினார்கள். அம்மா சத்தம் போடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே நுழைந்தாள். அடுப்பில் பச்சை முந்திரி விறகைத் திணித்து, கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே ஊதினாள்.

"இப்ப எடுக்கட்டும்" என்றாள்.

"படத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கிறதையே டைப் பண்ணுங்க மேடம். நமக்கெதுக்கு வம்பு?" என்றார் என் மேலதிகாரி.

"அடுப்பு எரியுது சார். ஆளில்லாம எப்படி எரியும்?"

பழைய வரியை அப்படியே டைப் செய்தேன். அதற்குக் கீழேயே அடித்தேன்: "உள்ளே அஞ்சலை அடுப்பு ஊதுகிறார். பக்கத்தில் மகள்."