இடது பக்கம் கேட்காத ஸ்பீக்கர்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகளை நான்தான் பதிவு செய்வேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவற்றைச் சீர்படுத்திக் கொடுப்பதும் நான்தான். பழைய ஸ்பீக்கர்கள் கரகரத்துப் போனதால், ஒரு சனிக்கிழமை மனைவியோடு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. முதல் ஜோடியில் அடித்தொனியான பாஸ் அதிகம், குரல் அமுங்கியது. இரண்டாவது ஜோடியில், பென் டிரைவில் கொண்டுபோன எங்கள் பாட்டைப் போடச் சொன்னேன். பெண்களின் குரலை இடது பக்கமும் ஆண்களின் குரலை வலது பக்கமும் வைத்திருந்தேன்.

"தங்கச்சி, இடது பக்கம் சரியா வரல."

வயரை மாற்றினாள். வேறு ஜோடி எடுத்து வைத்தாள். அதே கதைதான். கடைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன்.

மனைவி மெதுவாக, "என்னங்க, ரெண்டும் நல்லாத்தான் பாடுது" என்றாள்.

அந்தப் பெண் ஒரு ஹெட்போனை நீட்டினாள். மாட்டினேன். ஆண்கள் மட்டும் பாடினார்கள். கழற்றித் திருப்பி மாட்டினேன். இப்போது பெண்கள் மட்டும், அவ்வளவு தெளிவாக.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் இடது காதைப் பார்த்தார். "நரம்பு பழுதாப் போச்சுது. இனித் திரும்பாது. மற்றக் காதையாவது கவனமாப் பாருங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த வருடத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் இடது பக்கத்துச் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன். பெண்களின் குரல் கத்தலாகவே இருந்திருக்கும்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க வேணும்னுதான் அப்படி வச்சீங்கன்னு நெனச்சேன்."

பாடினவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கடைசியில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தது மனைவிதான். அதில் அவள் செய்தி கேட்கிறாள். பதிவு வேலையை விட்டுவிட்டேன். வேறு யாரும் எடுத்துச் செய்யவில்லை. இந்த மாதம் வலது காதிலும் ஓர் இரைச்சல் தொடங்கியிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. அவள் பேசும்போது முகத்தைப் பார்த்து, உதட்டசைவை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.