ரொவேனாவின் சிவப்பு வரிகள்

இலோய்லோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த டெல்பினாவுக்கு வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ரொவேனா இருந்தாள். ரொவேனா அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அடுத்த வீடு. அலுவலகத்திலும் அடுத்த மேசை. டெல்பினா அவளைத் தங்கச்சி என்ற பொருளில் ‘இந்தாய்’ என்பாள், அவள் டெல்பினாவை அக்கா என்ற பொருளில் ‘மனாங்’ என்பாள்.

ரொவேனா வளர்த்த கோழி இரட்டைக் கரு முட்டை இடும். ரொவேனா துணி காயப்போட்டால் மழை தானாக நின்றுவிடும். டெல்பினா விட்ட பெருமூச்சின் சூட்டில் எங்கள் தெருப் பப்பாளிகள் ஒரு மாதம் முன்பே பழுத்தன. நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்தப் பழத்தை நான் தின்றிருக்கிறேன்.

அந்த வருடம் பள்ளிக்குக் கணினி அறை வந்தது. பள்ளியிலேயே ஏசி உள்ள ஒரே அறை. சனிக்கிழமை புரோகிராமிங் வகுப்பில் யார் அதிக மதிப்பெண் வாங்குகிறாரோ அவருக்கே அறைப் பொறுப்பு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இருவரும் பெயர் கொடுத்தார்கள்.

தேர்வு கணினியில் இல்லை. மஞ்சள் கோட்டுத் தாளில், பேனாவால். தப்பு செய்தால் கத்திச் சொல்ல இயந்திரம் கிடையாது. வாத்தியார் பல்மாரெஸ் சார் ஒரே ஒரு சலுகை கொடுத்தார். அவரவர் தம் கையால் எழுதிய குறிப்பு, ஒரு தாள் மட்டும், உள்ளே கொண்டுவரலாம்.

டெல்பினா மூன்று வாரம் உட்கார்ந்து தன் தாளை எழுதினாள். பத்து மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி காணும் புரோகிராமை மீன் கழுவும்போதுகூட முணுமுணுத்தாள். நன்றாகவே வந்தது. வகுப்பில் கரும்பலகையில் பிழையில்லாமல் எழுதியவளும் அவள்தான். ஆனாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் பேனாக்கள் மாறி மாறி ‘டிக் டிக்’ என்றதில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. காலையில் மதிலோரம் நின்று கேட்டேவிட்டாள்.

“என்ன இந்தாய், ரெண்டு பேனா? மேயருக்குக் கடுதாசி எழுதுறியா?”

“எங்க மனாங்! எனக்கு எல்லாம் மறந்துபோகுது. நீங்க மூளைக்காரங்க, உங்களுக்கு ஒரு பேனா போதும்.”

மூளைக்காரங்களாம்! குத்திக்காட்டுகிறாள் என்று டெல்பினா இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு ரொவேனா ஞானஸ்நான விருந்துக்குப் படகேறி குய்மராஸ் தீவுக்குப் போனாள். பன்றிக்குத் தீனி வைக்கும்படி டெல்பினாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பன்றி ஒரு நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டது. டெல்பினா இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள். முத்து முத்தான கையெழுத்து. பாதி நீலம், பாதி சிவப்பு. முக்கியமானதைத்தானே சிவப்பில் எழுதுவார்கள் என்று சிவப்பு வரிகள் பதினொன்றையும் முதலில் எடுத்து எழுதினாள். அவளிடம் இருந்ததோ ஒரே நீலப் பேனா. ஓரிடத்தில் கை நின்றது. கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும் என்று அவள் படித்திருந்தாள். இங்கே ஒன்றிலிருந்து இருந்தது. ‘ரொவேனா எழுதியிருக்கிறாள் என்றால் காரணம் இருக்கும்’ என்று அதையும் எழுதினாள். வீட்டுக்கு வந்து தன்னுடைய பழைய தாளைக் கிழித்து அடுப்பு மூட்டினாள்.

தேர்வில் அவள் பேனா ஓடிய வேகத்தில் பக்கத்துப் பெண்ணின் தாள் பறந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் குறிப்பைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை விடைத்தாள்கள் வந்தன. ரொவேனாவுக்கு எண்பத்தெட்டு. டெல்பினாவுக்கு முப்பத்தொன்று.

“டெல்பினா, என்ன ஆச்சு?” என்றார் பல்மாரெஸ் சார். “முதல் பையனையே கணக்குல விட்டுட்டீங்க. கூட்டுத்தொகையைப் பூச்சியத்துல ஆரம்பிக்கவே இல்ல. போர்டுல சரியா எழுதுனது நீங்கதானே?”

ரொவேனா எட்டிப் பார்த்தாள். விடைத்தாளோடு பின் குத்தியிருந்த குறிப்புத் தாளில் அவள் கண் ஓடியது, நின்றது. டெல்பினாவின் கையைப் பிடித்து, சந்தையடியில் பாட்சோய் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்கு இழுத்துப்போய் இரண்டு கிண்ணம் சொன்னாள்.

“மனாங், அந்தச் சிவப்பு எல்லாம் நான் வழக்கமா பண்ற தப்பு. பண்ணக் கூடாதுன்னு எனக்கு நானே எழுதி வச்சது.”

டெல்பினா நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்தினாள். அவமானம் காது வரை ஏறியது. ஏறிய இடத்தில் வேறொன்று எட்டிப் பார்த்தது.

“பதினொண்ணுமா?”

“பதினொண்ணும்தான்.”

“நிஜமாவே உனக்கு இத்தனை தப்பு வருமா?”

“வரும் மனாங். ராத்திரி உட்கார்ந்து அழுதிருக்கேன். நீங்க போர்டுல கடகடன்னு எழுதும்போது எனக்கு வயிறு எரியும்.”

“எரியுமா? எவ்வளவு எரியும்?”

“மோர் குடிச்சாலும் அடங்காது” என்று நான் எழுதினால் அது பொய். எங்கள் ஊரில் மோர் கிடையாது. ரொவேனா “ரொம்ப” என்று மட்டும் சொன்னாள். டெல்பினா கடைக்காரியிடம் சூப்பை மூன்று முறை நிரப்பச் சொன்னாள், காசில்லாமல் கிடைப்பதுதானே.

திங்கட்கிழமை கணினி அறைச் சாவி ரொவேனாவிடம் போனது. டெல்பினா மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். மூடிய அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தாள். தவறியவர்களுக்கு மறுதேர்வு அடுத்த மாதம். மத்தியானம் ரொவேனா குளுகுளுவென்று வெளியே வந்து அவள் மேசையருகே நின்றாள்.

“என் தாளைத் தரட்டுமா மனாங்? இந்தத் தடவை நீலத்தை மட்டும் பாருங்க.”

“வேண்டாம் போடி. உன் தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம். என் தப்பு என்னன்னுதான் இனிமே கண்டுபிடிக்கணும்.”