என்னைக் கேட்காத நேர்த்திக்கடன்

கர்ப்பப்பையில் புற்று என்று அதையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, தெருவில் என் கணவருக்குத்தான் பெயர் கிடைத்தது. வெங்காய மண்டியை மதியமே பூட்டிவிட்டு வந்து கஞ்சி வைத்தார், என் துணிகளைத் துவைத்துப் போட்டார்.

"மதினி, எங்க அண்ணன் மாதிரி ஆம்பள தேடுனாலும் கெடைக்காது. இன்னொருத்தனா இருந்தா இந்நேரம் வேற ஒருத்தியக் கூட்டியாந்திருப்பான்" என்றாள் நாத்தனார். ஓடிப்போகாத கணவனே பெரிய வரம் என்பது அவள் கணக்கு. நானும் தலையாட்டி வைத்தேன்.

அந்தத் தையில் அவர் பழனிக்கு மாலை போட்டார். மாலை போட்டவர்களுக்குப் பாயும் தனிப் படுக்கையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் அப்போது தையல் முழுதாக ஆறாத உடம்பு என்பதால் நிம்மதியாகவே இருந்தது. நடந்து போய் வந்தார், மாலையைக் கழற்றினார், பாய் மட்டும் கூடத்திலேயே கிடந்தது. பங்குனி போயிற்று, ஆடியும் போயிற்று. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். வீட்டில் இரண்டே பேர், ஆளுக்கொரு மின்விசிறி.

"சாப்டியா? மாத்திரை போட்டியா?" என்று ஓயாமல் கேட்பார். ஆனால் மாத்திரையை என் உள்ளங்கையில் வைக்க மாட்டார், மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். குளிக்கும்போது அடிவயிற்றுத் தழும்பைக் குனிந்து பார்ப்பேன். இதைக் கண்டுதான் அருவருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அடுத்த முறை மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனபோது அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். "வீட்டுக்காரரோட எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தங்கமாப் பாத்துக்கிறாருங்க."

"நான் அதக் கேக்கலம்மா."

பிறகு உடைத்துச் சொன்னார். புண் ஆறிவிட்டது, சேர்ந்து இருக்கலாம். கணவருக்கு இந்த நோய் ஒட்டாது. சினைப்பை இல்லாததால் வறட்சி இருக்கும், அதற்குத் தடவிக்கொள்ள ஜெல் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், வந்து சொல்ல வேண்டும். கடைசியாக, "உங்களுக்கு வேணும்னு தோணுதா?" என்றார். இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைக்காட்சியை அணைத்தார்.

"மலையேறயில முருகன்கிட்டச் சொல்லிட்டேன். அவ உசுரு பொழச்சாப் போதும், இனிமே அவளத் தொடவே மாட்டேன்னு."

அருவருப்பு இல்லை என்று தெரிந்ததில் ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அடுத்த கணமே பற்றிக்கொண்டு வந்தது. நேர்ந்துவிட்ட ஆட்டைத்தான் இப்படி ஒருவரும் தொடாமல் விட்டுவைப்பார்கள். அதற்காவது ஒரு திருவிழா நாள் உண்டு.

"மொட்ட போடுறேன்னு வேண்டியிருந்தா அது உங்க தலை. இதுல பாதி என்னுதில்லையா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்த முருகனுக்கே ரெண்டு பொண்டாட்டி, அவரா இதக் கேட்டாரு?"

சிரித்துவிட்டார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தெம்பில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"நான் வாக்கு மீறி, மறுபடி ஒனக்கு வந்துருச்சுன்னா?" என்றார்.

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த உறுதியை டாக்டரம்மாகூட எனக்குத் தரவில்லை. என் மடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு அவர் எழுந்து போனார்.

அவருக்கு நான் உயிரோடு இருந்தால் போதும். எனக்கு அது போதவில்லை.