கோட்டுக்கு ஓரடி முன்னால்

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஆடி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை. இங்கே திருவனந்தபுரத்தில் அதே மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள். எதையும் நாள், கிழமையோடு நினைவில் வைப்பது என் பழக்கம். அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. பழவங்காடியில் நான் கணக்கு எழுதும் கடையில், சாரல் அடிக்கிறதென்று அரிசி மூட்டைகளின் மேல் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். மகளின் கபடி பயிற்சியாளர் போனில் கூப்பிட்டார்.

"சாரே, ஒண்ணு இங்க வரணும். மோளுக்கு முகத்துல அடி பட்டிருக்கு. பேடிக்க வேண்டா."

பயப்பட வேண்டாம் என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார்.

என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடியில் அவள் பாடிப் போகிறவள். 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே எதிரணியின் பாதிக்குள் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரணிப் பக்கத்தில் மூச்சு தீர்ந்து பாட்டு நின்றால் அவுட். பாட்டு நடுவரின் காதில் தெளிவாக விழாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். புள்ளி எதிரணிக்குப் போய்விடும். அன்று பயிற்சி ஆட்டத்தில், கோட்டைத் தொட அவள் தாவிய அதே நொடியில், தடுக்க வந்தவளின் முழங்கால் அவள் தாடையில் மோதியது. தடுக்க வந்தவள் அவளுடைய நெருங்கிய தோழி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கழக்கூட்டத்தில் குடியிருக்கும் ஒரு கொத்தனாரின் மகள். இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை என்று என் மகளே பெருமையாகச் சொல்வாள். யார்மேலும் தப்பில்லை. விளையாட்டில் நடப்பதுதான்.

கீழ்த்தாடையின் இடதுபுறம் நொறுங்கிப் போயிருந்தது. முதலில் தகடு வைத்துத் திருகினார்கள். அது சீழ் பிடித்தது. தகட்டை எடுத்து, இடுப்பெலும்பில் ஒரு துண்டை வெட்டித் தாடையில் பொருத்தி, கன்னத்தை மறுபடி கட்டி எழுப்பினார்கள். அந்த இரண்டாவது அறுவை சிகிச்சை ஓணத்துக்கு முந்தின வாரம். ஆஸ்பத்திரி வாசலில் அத்தப்பூக்களம் போட்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. டாக்டர் ஒளிக்காமல் பேசினார். எலும்பு கூடிவிடும். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு மட்டும் சொல்ல முடியாது. உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம்.

அந்த அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் தோழி வார்டுக்கு வந்தாள். கதவருகிலேயே நின்று கட்டிலைப் பார்த்தாள். என் மகளின் முகம் அப்போது முகமாகவே இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மூக்கில் குழாய். தோழி திரும்பி நடந்தாள். "வாம்மா, உள்ள வா" என்று நான் பின்னால் போவதற்குள் படியிறங்கிவிட்டாள். அதன்பிறகு அவள் வரவேயில்லை. வாய் திறக்க முடியாத என் மகள் போனில் எழுதி எழுதி என்னிடம் காட்டுவாள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அவள் வந்தாளா?

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். கூடவே ஒரு சின்னக் கம்பிவெட்டியும் தந்தார்கள். வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும், உடனே இந்த இந்தக் கம்பியை வெட்டிவிட வேண்டும் என்று நர்ஸ் விரல் வைத்துக் காட்டினார். அது என் சட்டைப்பையிலேயே கிடந்தது. கோயிலுக்குள் போக இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அதனால் எங்கள் வலியசாலைக் கோயிலுக்கு மகளோடு போன அந்த நாட்களில் நான் வாசலோடு நின்று கும்பிட்டேன். கஞ்சித் தெளியையும் பருப்புத் தண்ணீரையும் கன்னத்தின் ஓரமாக ஊசிக்குழலில் செலுத்துவோம். விழுங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன், கை சட்டைப்பையின் மேல்.

தெருவில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டு மாமி என் மனைவியிடம் கேட்டே விட்டாள்: "நம்மாத்துப் பொண்ணு கபடி ஆடணும்னு யார் அழுதா? இனிமே பொண்ணு பாக்க வரவாகிட்ட என்னன்னு சொல்லுவேள்?"

"கபடி ஆடுவாள்னு சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்த என் மனைவி, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

கம்பி எடுத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. கீழுதடு மரத்தே கிடந்தது. எச்சில் வழிவது அவளுக்குத் தெரியாது. துண்டை நீட்டினால்தான் தெரியும். அதைவிட மோசம், உதடு ஒட்டாததால் அவளுக்குக் 'கபடி' என்று சொல்ல வரவில்லை. அந்தச் சொல்லின் நடுவே காற்று மட்டும் கசிந்தது. பாடிப் போகிறவளுக்கு இது கால் ஒடிந்ததற்குச் சமம். பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, "பாட வேண்டா மோளே, இனி தடுப்புக்கு நின்னா மதி" என்றார். தடுப்புக்கு நின்றால் போதும் என்கிறார், தடுப்பவர்கள் பாட வேண்டியதில்லையே. என் மகள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, விரலால் உதட்டை அழுத்தி ஒட்டவைத்து, அந்த ஒரே சொல்லைச் சொல்லிப் பழகினாள். நாங்கள் வெளியே காபி குடித்துக்கொண்டு, கேட்காததுபோல இருப்போம். கார்த்திகைக்குச் சொல் ஓரளவு பிடிபட்டது. விரலின் உதவியில்லாமல் அது வந்தபோது மாசி ஆகிவிட்டது.

டாக்டர் அனுமதி கொடுத்து, அடுத்த ஓணமும் கழிந்த பிறகு, மாநில அணிக்கான தேர்வு நடந்தது. நானும் போனேன். அரங்கத்தில் மழை ஈரத்தோடு விரிப்பின் ரப்பர் நாற்றம். என் மகள் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம், இடது மூலையில், அந்தத் தோழி. ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

என் மகள் பாடிக்கொண்டு உள்ளே போனாள். பாட்டு கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் நடுவர் தடுக்கவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. தோழியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் கணுக்கால் தோழியின் கைக்கு நேராக இருந்தது. கை நீண்டது, பாதியில் நின்றது. என் மகள் கோட்டைத் தாண்டினாள். புள்ளி. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

தொடப்பட்டு வெளியே போன தோழி, அவள் அணிக்குப் புள்ளி கிடைத்ததும் திரும்பி வந்து மூலையில் நின்றாள். இரண்டாம் முறையும் அதுவே நடந்தது. இந்தத் தடவை தோழி கணுக்காலைப் பிடித்தும்விட்டாள். பிடித்த கையை உடனே விட்டுவிட்டாள். என் மகளுக்கு இனி ஓரடிதான், கோடு. அவள் தாண்டவில்லை. நின்றாள். திரும்பித் தோழியைப் பார்த்து நின்றபடியே பாடினாள். வேறு எந்தச் சொல்லும் சொல்ல முடியாது. சொன்னால் ஆட்டம் போயிற்று. அதனால் அந்த ஒரே சொல்லைத் திட்டுவதுபோல, கெஞ்சுவதுபோல, முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "போடீ, கோடு தொடு!" என்று அவள் அணிப் பெண்கள் கத்தினார்கள். குரல் தேய்ந்தது. எச்சில் வழிந்தது. மூச்சு தீர்ந்தது. விசில்.

அவுட்டாகி வெளியே போகும்போது தோழியிடம் சொன்னாள், எனக்குக் கேட்டது: "எனக்குப் பிச்சை போடறியாடீ?"

தோழியின் முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு எந்தெங்கிலும் ஆச்சுன்னா நா என்ன செய்வேன்?"

"ஆகட்டும். பிடிடீ."

அணிக்கு ஒரு புள்ளி கிடைத்ததும் என் மகள் மறுபடி உள்ளே வந்தாள். மறுபடி பாடிப் போனாள். இந்தத் தடவை தோழி விழுந்து பிடித்தாள். கணுக்கால், பிறகு இடுப்பு, பிறகு மற்றவர்கள் எல்லோரும் மேலே. என் மகள் முகம் குப்புற விழுந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கை சட்டைப்பைக்குப் போனது. கம்பிவெட்டி எப்போதோ அலமாரிக்குப் போய்விட்டிருந்தது.

ஒவ்வொருத்தியாக விலகினார்கள். அடியிலிருந்து அவள் எழுந்து உட்கார்ந்தாள். கீழுதடு கிழிந்து ரத்தம்.

"சோரை வருதுடீ" என்றாள் தோழி.

"எங்க?" என்று கேட்டாள் என் மகள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தோழி தன் ஜெர்சியின் நுனியால் அதைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். தோழியின் பெயர் இருந்தது. அந்தப் பிடியை எல்லோரும் புகழ்ந்தார்கள். என் மகளின் பெயர் இல்லை. கோட்டருகே வந்தும் தாண்டாமல் நின்று அவுட்டானவளை யார் எடுப்பார்கள்? பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் மெல்லிய குரலில், "வலிக்கறதாம்மா?" என்றேன்.

"எல்லாரும் என்கிட்ட இப்படியே பேசுங்கோ" என்றாள் எரிச்சலாக. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல பிடி இல்லையாப்பா அது?" என்று கேட்டாள்.

"நல்ல பிடிதான்" என்றேன்.

அந்த உதட்டுக்கு உணர்ச்சி இன்னும் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடும்போது துண்டை மடியில் வைத்துக்கொள்கிறாள். அடுத்த தேர்வுக்குப் போவாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் தோழி வருகிறாள். இருவரும் மாடியில் சண்டை போட்டுக்கொள்ளும் சத்தம் தெருவரை கேட்கிறது. அடிபட்டுத் திரும்பி வந்த யாரையாவது பார்த்து என் குரல் தானாகத் தணியும்போதெல்லாம், கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று தன் மூச்சைத் தானே தீர்த்துக்கொண்ட என் மகள் நினைவுக்கு வருகிறாள். நான் குரலை உயர்த்தி, எல்லோரிடமும் பேசுவதுபோலவே அவரிடமும் பேசிவிடுகிறேன்.