வளாகம் வந்த விதம்

ஒரு தவணை நான் எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். போடிக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். பெயரைச் சொல்லி அதன் மானத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், தையல்கடை வைத்திருந்த என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன்.

அந்த மனிதர் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மதுரைப் பக்கம் அடுக்குமாடிகள் கட்டி விற்றவர் என்று சொல்லிக்கொண்டார்கள். கையில் ஏலக்காய் மாலை. ஏலக்காய் மலைக்கு அடியில் குடியிருக்கிறவளுக்கே ஏலக்காய் மாலை போட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அதை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை என் கணவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்க ஊருக்கு ஒரு நல்ல காரியம் பண்ணலாம்னு இருக்கேன்.”

என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே, “உறுப்பினர் அவதாங்க. நான் ஓட்டுப் போட்டதோட சரி” என்றார்.

நாற்காலி என் பக்கம் திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று அவர் எதையுமே கேட்கவில்லை. காபி குடித்தார், ஊரைப் புகழ்ந்தார், போய்விட்டார். மற்ற உறுப்பினர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. கோயில் திருவிழாவில் அன்னதானம் அவர் செலவு. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு இறக்கையிலும் அவருடைய கம்பெனி பெயர். விசிறி சுற்றும்போது அதைப் படிக்க முடியாது என்பது மட்டும் பிள்ளைகளுக்கு ஆறுதல்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவர் கட்டப்போகிற வணிக வளாகத்தின் பொம்மை. வாசலில் நடமாடிய பொம்மை மனிதர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கோட்டுப் போட்டவனைக் கல்யாண மேடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதுவும் வாடகைக் கோட்டு.

வளாகம் வரப்போவது பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பேரூராட்சி மைதானத்தில். விடியற்காலையில் எஸ்டேட் ஜீப்புகள் அங்கேதான் வந்து நிற்கும். ஏலத்தோட்டத்துக் காய் எடுப்புக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் போவார்கள். என் வார்டில் பாதி வீடுகள் அந்தப் பெண்களின் வீடுகள்.

“ஜீப்பு எங்க நிக்கும்?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் இடம் இருக்குக்கா. பிளான்ல வரும்” என்றார்.

எல்லாருக்கும் எல்லாமே பிளானில் வந்தது. ஏலக்காய் வியாபாரிகளிடம் முதல் மாடியில் ஏல மையம் என்றார். இளவட்டங்களிடம் அதே முதல் மாடியில் உடற்பயிற்சிக் கூடம் என்றார். மகளிர் குழுவிடம் கைவினைக் கடை, அதுவும் முதல் மாடி. பேரூராட்சித் தலைவருக்கு மாடியெல்லாம் தேவைப்படவில்லை. திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் என்றதும் குளிர்ந்துவிட்டார். ஒருவரோடு ஒருவர் பேசியிருந்தால் அங்கேயே சாயம் வெளுத்திருக்கும். ஆனால் தனக்குக் கிடைக்கப்போவதை அடுத்தவனிடம் யார் சொல்வார்?

ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் முளைத்தது. ‘வேண்டும் வேண்டும் வளாகம் வேண்டும்.’ அதற்குப் பிறகுதான் நிபந்தனைகள் மெல்ல வந்தன. மைதானம் பெயரளவு வாடகையில் நீண்டகாலக் குத்தகைக்கு வேண்டும். சொத்து வரியில் சலுகை வேண்டும். குடிநீர்க் குழாய் வேண்டும். மைதானத்துக்குப் பின்னால் தார்ச்சாலையும் தெருவிளக்கும் வேண்டும். பின்னால் கிடந்த மானாவாரிக் காட்டை அவர் முன்பே வாங்கிப் போட்டிருந்தார். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

“நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. பக்கத்து ஊர்ல இதவிட நல்லா பண்ணித் தர்றோம்னு கூப்பிடுறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊரில் என் சித்தி மகள் வார்டு உறுப்பினர். போன் போட்டுக் கேட்டேன்.

“ஆமாக்கா, இங்கயும் வந்தாரு. உங்க ஊர்ல எல்லாம் குடுக்கிறாங்க, நீங்கதான் பிந்துறீங்கன்னு சொன்னாரு” என்றாள்.

ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் மன்றக் கூட்டத்தில் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நாம் கூப்பிட்டதாக அங்கே சொல்கிறார், அவர்கள் கூப்பிட்டதாக இங்கே சொல்கிறார், யாரும் கூப்பிடவில்லை என்றேன். தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆத்தா, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். அங்கயும் போய்ப் பேசியிருக்காருன்னா, நாம வெரசா முடிச்சிரணும்ல?”

எல்லாரும் தலையாட்டினார்கள். பொய்யைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு நான் பெற்ற பலன், தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியதுதான். எதிர்த்தது நான் ஒருத்தி. என்னைச் சமாதானப்படுத்த, ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு வளாகத்தின் முகப்பில் உட்கார இடமும் கழிப்பறையும் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். “ஒரு வரிதானே, எழுதிக்கிருங்க” என்று தலைவர் செயல் அலுவலரிடம் சொன்னார்.

வளாகம் எழுந்தது. கீழே ஒரு ஜவுளிக்கடை. ஏல மையமும் உடற்பயிற்சிக் கூடமும் கைவினைக் கடையும் வரவேண்டிய முதல் மாடியில் புறாக்கள். குழாய் என் வார்டுத் தெரு வழியாகத்தான் போனது. தெருவில் ஒரு குழாயடிகூட வைக்காமல் போனது. பின்னால் இருந்த காடு மனைகளாகி, சாலையைக் காட்டியே விற்றுத் தீர்ந்தது. ஜீப்புகள் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, நனைந்த பெண்கள் வளாகத்தின் முகப்பில் ஏறி நின்றுவிட்டார்கள். காவலாளி விரட்டினார். என் தெருப் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன். காவலாளி மேனேஜருக்குப் போன் போட, மேனேஜர் முதலாளியை, அதே ஏலக்காய் மாலைக்காரரைப் பிடித்து என்னோடு பேச வைத்தார்.

“அக்கா, கஸ்டமர் வர்ற எடம். அவங்களக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க.”

“இந்நேரத்துல எந்தக் கஸ்டமர் சேல எடுக்க வர்றாரு? முகப்புல எடம் தரணும்னு தீர்மானத்துல இருக்கு.”

“அது சும்மா எழுதுனதுதானக்கா.”

“ஒங்களுக்குன்னு எழுதுனது ஒண்ணு பாக்கியில்லாம நடந்திருச்சு. எங்களுக்கு எழுதுனது மட்டும் சும்மாவா?”

அவர் போனை வைத்துவிட்டார். நான் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள், பிறகு எல்லாரும். சேலை நுனியைப் பிழிந்த தண்ணீர் அந்தப் பளிங்குத் தரையில் ஓடியது. கழிப்பறை எங்கே என்று கேட்டோம். காவலாளி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு ஜவுளிக்கடைப் பக்கத்துக் கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். எதிர்த்து நின்றவருக்கு யார் செலவு செய்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவை அதன்பிறகு யாரும் பூட்டவில்லை. பூட்டினால் மறுபடி ஒரு கூட்டம் கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போதும் விடிவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போனால், கண்ணாடிக்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய பொம்மைகளும், படியில் தூக்குச்சட்டியோடு இந்தப் பெண்களும் இருப்பார்கள். ஜீப்பு ஹாரன் அடித்ததும் எழுந்து போகிறார்கள்.