சித்தி சுற்றிய டேப்

சித்தி பல வருடம் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் துணி திரும்பி வந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் மின்சார ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தாள். சீட்டுக்கு அடியில் ஒயர்கள் அலங்கோலமாகக் கிடந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். மிச்சம் நீண்டு கிடப்பதையும் வளைத்துச் சேர்த்து, மேலே கறுப்பு டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்றி, ஒரே கட்டாக்கிவிடுவாள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். பட்டறைக்காரர் மட்டும், "வண்டிக்கு ஜடை பின்னியாச்சா?" என்பார்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் ஒருவர், ஒரு மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாலம் ஏறும்போது கருகின வாடை வந்துச்சுக்கா. அப்புறம் நின்னுடுச்சு. நான்தான் பாரம் அதிகமா ஏத்திட்டேன் போல."

சித்தி சீட்டைத் தூக்கி, முன்பு தான் சுற்றியிருந்த டேப்பை அறுத்தாள். ஒயர்களின் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஏற்றத்தில் மின்சாரம் அதிகமாக ஓடும், ஒயர் சூடாகும். அந்தச் சூட்டைத்தான் அவள் வெளியேற விடாமல் போர்த்தி வைத்திருந்தாள்.

"பாரமெல்லாம் இல்லைங்க. இது என் கைவேலை."

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதே மாதிரி வேற எந்த வண்டி?"

"நான் தொட்டது எல்லாமே."

அவையெல்லாம் அப்போது தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வண்டி நின்றுபோவதோடு விடாது, தீயே பிடிக்கலாம்.

"உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல போனை எடு," என்றார். அந்தப் பேச்சு இன்றுவரை நடக்கவில்லை.

"வண்டியை எடுக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. நானே வர்றேன்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலோடு கிளம்பினாள். காரணம் கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கடைசி வண்டி ஒரு மளிகைக் கடைக்காரருடையது. வாசலில் நிறுத்தி, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு. விடுங்கம்மா, ஒண்ணும் ஆகலையே."

"இன்னும் ஆகலை."

"பிரிச்சுட்டு இதே மாதிரி கட்டித் தருவீங்களா?"

"மாட்டேன். காத்து போற மாதிரி தனித்தனியா விடுவேன். கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும்."

அவர் மனசில்லாமல் சீட்டைத் திறந்தார். கட்டின் அருகே புறங்கையைக் கொண்டுபோன சித்தி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்கன்னு சொன்னேனே."

"இதோ, பக்கத்துத் தெருவுக்குத்தான் போயிட்டு வந்தேன்..." என்று இழுத்தார்.

சித்தி பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறும்வரை படியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.