ஆற்றில் கரைத்த சிவப்பு

பீட்ரூட் நறுக்கிக் கொடுக்கிற வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. நறுக்கி முடித்ததும் குழாயடிக்கு ஓடிவிடுவேன். "பீட்ரூட்தானேங்க, ஏன் இப்படிக் கையைத் தேய்ச்சுத் தோலை உரிக்கிறீங்க?" என்று மனைவி சிரிப்பாள். விரலிடுக்கில் துளி சிவப்பு மிஞ்சினாலும் எனக்கு வாசல் தாண்ட மனம் வராது.

இலங்கையில், மாத்தளையில் என் முதல் உத்தியோகம் கழிவுநீரைப் பார்ப்பது. ஊரில் எனக்கு 'சாக்கடை மாத்தயா', அதாவது சாக்கடை ஐயா என்று பெயர். கோயில் ஐயர்கூட எட்டி நின்றே திருநீறு தருவதாக எனக்கொரு சந்தேகம். குளித்துவிட்டுத்தான் போவேன், ஆனாலும் ரப்பர் தொழிற்சாலையின் புளித்த பால் வாடை சட்டையை விடாது.

அந்தத் தொழிற்சாலைக் கழிவு சுது கங்கை ஆற்றில் விழுந்து எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்று பார்க்க வேண்டும். கீழே குளிக்கிற, குடிக்கிற சனம் இருக்கிறதே. கழிவு விழும் இடத்தில் சிவப்புச் சாயத்தூளைக் கரைத்துவிட்டு, கரையோடு நடந்து போத்தல்களில் தண்ணீர் பிடிப்போம். கூட வேலை பார்த்தவன் சுனில். சந்தையடியில் வளர்ந்த சிங்களப் பையன், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆற்றில் நிறம் மங்கியதும், "மச்சான், சாயம் வெளுத்துப் போச்சு" என்று கத்துவான். அதற்குத் தமிழில் வேறு அர்த்தம் என்று சொன்னாலும் விடமாட்டான்.

எண்பதுகளின் கடைசி அது. அரசுக்கு எதிராகக் கிளம்பிய சிங்கள இளைஞர்கள் இரவில் மதில்களில் சிவப்பு எழுத்தில் சுவரொட்டி எழுதி ஒட்டினார்கள். பகலில் ராணுவம் இளைஞர்களை நிறுத்தி, சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்தது. சில காலைகளில் ஆற்றில் பிணம் வந்தது. நாங்கள் அது ஒதுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அதே தண்ணீரைப் பிடித்தோம். பயம்தான். ஆனாலும் கையைத் திருப்பிப் பார்ப்பது வேறு யாருக்கோ நடக்கிற காரியம் என்றே இருந்தோம்.

ஒருநாள் ஆற்றிலிருந்து திரும்பும்போது பலாபத்வல சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் எங்கள் ஜீப்பை மறித்தார்கள். எங்கள் இருவர் கையும் மணிக்கட்டுவரை சிவப்பு. ஆற்றுக்குச் சாயம் போட்டோம் என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது பொய்யாகக் கேட்டது. சிப்பாய் என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தான்.

"தமிழா? நீ போ. இது உங்க ஆளுங்க வேல இல்ல."

சில வருடங்களுக்கு முன் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது நான் ஒளித்துவைத்த பெயர் அது. அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. சுனிலை இறக்கினார்கள்.

"இவரும் கவர்மெண்ட் ஆள்தாங்க" என்றேன். சாரதி ரஹீம் நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏறுங்க சேர். நின்னா மூணு பேருமே இல்ல."

மறுநாள் சுனிலைத் தேடி ராணுவ முகாமுக்குப் போனேன். அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அங்கிருந்து சுனில் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் அம்மா தேத்தண்ணீர் நீட்டினார். வாங்கக் கை நீட்டியபோதுதான் அதிலிருந்த சிவப்பைப் பார்த்தார்.

"ஒங்க கையும் இப்பிடித்தானே மகன் இருக்கு?" என்றார் சிங்களத்தில். குரலில் கோபமே இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தொழிற்சாலையை மூடிப் பல காலமாம். சோதனைச் சாவடி இருந்த இடத்தில் போன் கடை. அந்த அம்மா சாகும்வரை முகாம் முகாமாக அலைந்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சுனிலைப் பற்றி அந்தத் தெருவில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனை நேரில் பார்த்தவர்கள் அங்கே யாரும் மிச்சமில்லை.